வெளியே போகச் சீட்டு வேண்டாம்

முதலில் ஒரு விடுகதை.

சாவி சட்டைப்பையில் இருக்கிறது. காவலாளி வாசலில் இருக்கிறார். மனைவி ஜன்னலில் இருக்கிறார். நேரம் பட்டப்பகல். வண்டி வெளியே போகும்போது ஒருவரும் தடுக்கவில்லை. திரும்பி வரும்போது ஒருவரும் உள்ளே விடவில்லை. வண்டிக்குள் இருந்தவர் யார்?

திருடன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். எந்தத் திருடனும் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு சர்வேயர் இருந்தார். நிலம் அளக்கிறவர் இல்லை. அடிபட்ட வண்டிகளையும் காணாமல் போன வண்டிகளையும் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிறவர். ஆபீசில் அவருக்கு ‘கீறல்’ என்று பெயர். பத்தடி தூரத்தில் நின்றே கதவில் இருக்கும் கீறலைப் பார்த்துவிடுவார். அது பழைய கீறலா புதிய கீறலா என்றும் சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் காலையில் போட்ட கண்ணாடி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் நெற்றியில் இருக்கும்.

வண்டியைத் தொலைத்தவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். சர்வேயர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, பதினான்கு கேள்விகள் கேட்பார். அதில் பதினொன்றாவது கேள்வி அவரே கண்டுபிடித்தது: “அந்த இடம் பாதுகாப்பானதுதானா என்று நீங்களே சோதித்துப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினீர்களா?” இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட ‘ஆமாம்’ என்று சொன்னதில்லை. உடனே சர்வேயர் திருப்தியாக ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகர். குரலை உயர்த்தாமல் காரியம் சாதிப்பது அந்த வேலையோடு வருகிற பழக்கம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காமல் அவரிடமிருந்து இதுவரை யாரும் தப்பியதில்லை. இவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். வீட்டில் கூப்பிடுவது குட்டி.

அந்த வருட விடுமுறைக்கு மூவரும் காரில் கிளம்பினார்கள். எங்கே போவது என்பது மட்டும் முடிவாகவில்லை. நெடுஞ்சாலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் மனைவியின் அக்கா வீடு. அங்கே சர்வேயரின் சகலை இருக்கிறார். சகலை புதிதாகக் கார் வாங்கியிருந்தார். அதில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு கீறல் கிடையாது. அந்தக் காரைச் சுற்றி நான்கு நாள் நடந்து ‘பிரமாதம்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். இடப்பக்கம் போனால் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஆபீஸ் நண்பர் சொன்ன வாடகை வீடு. சகலை கிடையாது.

“ஏரியில நல்ல காத்து வரும்” என்றார் சர்வேயர், நூறாவது கிலோமீட்டரில்.

மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நமக்கே நமக்குன்னு தனி வீடு. தனி சமையலறை. நீ உன் இஷ்டத்துக்குச் சமைக்கலாம்” என்றார் நூற்றைம்பதாவது கிலோமீட்டரில்.

மனைவி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று சர்வேயர் எடுத்துக்கொண்டார். நூலகத்தில் மௌனத்துக்கு அப்படி ஓர் அர்த்தம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

சாலை பிரிகிற இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, பின் சீட்டிலிருந்து மகள், “அம்மா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்றாள். மணி மதியம் இரண்டு. எதிரே ஒரு ஹோட்டல் தெரிந்தது.

“இங்க நிறுத்துங்க. இன்னைக்கு இங்க தங்கிட்டுக் காலையில யோசிப்போம்” என்றார் மனைவி.

“இங்கயா? பார்க்கிங்கைப் பாத்தியா?”

“போர்டைப் பாத்தேன். உங்க வாகனத்துக்கு நிர்வாகம் பொறுப்புன்னு எழுதியிருக்கே.”

சர்வேயர் இறங்கிப் போனார். பலகையின் ஓரத்தை மூடியிருந்த கொடியை விரலால் விலக்கினார். ‘பொறுப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அல்ல’ என்று இருந்தது. கொடியை விட்டார். நிர்வாகம் மறுபடியும் பொறுப்பேற்றுக்கொண்டது.

பிறகு அவர் மற்றதையும் பார்வையிட்டார். இரும்புக் கதவு யானை முட்டினாலும் அசையாதது. அதில் இரண்டு பூட்டு. கதவின் இடப்பக்கம் ஆளுயரச் சுவர். வலப்பக்கம் சுவர் கட்டுவதற்கு முன்னால் செங்கல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. அங்கே ஏழு பூந்தொட்டிகள் வைத்து, குறுக்கே ஒரு கயிறு கட்டி, கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டிகளெல்லாம் கயிற்று வழியாகத்தான் போய் வந்தன. கதவு கௌரவத்துக்கு. கம்பத்தின் உச்சியில் ஒரு கேமரா. அதற்குள் குருவி குடும்பம் நடத்தியது. கேமரா, தான் திரும்பியிருந்த பக்கத்தில் இருந்த ‘இங்கே கேமரா உள்ளது’ என்ற பலகையை மட்டும் இருபத்துநான்கு மணி நேரமும் கண்காணித்துக்கொண்டிருந்தது.

பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் காவலாளி. கழுத்தில் விசில், மடியில் தடித்த நோட்டுப் புத்தகம். காரைப் பார்த்ததும் எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

“யாரோட வண்டி? இங்க தங்கப் போறீங்களா? எத்தனை நாள்? இன்ஜின் நல்லா ஓடுதா? போகும்போது மறக்காம எடுத்துட்டுப் போயிடுவீங்கல்ல?”

சர்வேயர் காலால் ஒரு பூந்தொட்டியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சுலபமாக நகர்ந்தது. மனைவிதான் இறங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். காவலாளி எல்லாவற்றையும் எழுதி, ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

“அந்த மூணு வண்டி யாரோடது அண்ணே?” என்று மனைவி மூலையைக் காட்டிக் கேட்டார். அங்கே ஒரு வேன், ஒரு கார், ஒரு மினி பஸ். மூன்றுக்கும் டயரில் காற்றில்லை. மினி பஸ்ஸின் கூரைமேல் கொடி பூத்திருந்தது.

“அதை ஏம்மா கேக்கறீங்க. ரிப்பேரான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. டீ குடிச்சிட்டு வர்றேன்னு போவாங்க. நாலு வருஷமா டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க. இன்னும் ஒண்ணு வந்து நின்னா உன்னையும் அதுக்குள்ளயே குடிவெச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்.”

“அண்ணே, அந்த பஸ்ல ஏறலாமா?” என்றாள் மகள். அவளுக்கு வாந்தி நின்றுவிட்டிருந்தது.

“ஏறு பாப்பா. ஸ்டியரிங் சுத்தும். ஹாரன்கூட அடிக்கும். இந்தா, விசிலும் வெச்சுக்கோ.”

காவலுக்கு இருந்த ஒரே ஆயுதமும் ஒன்பது வயதுப் பெண்ணிடம் போனதை சர்வேயர் வேதனையோடு பார்த்தார்.

ஏழாம் எண் அறை மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நேரே கீழே பார்க்கிங். இரண்டு கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. கட்டிலின் நடுவே ஒரு வெள்ளைத் துண்டை வாத்து மாதிரி மடித்து உட்கார வைத்திருந்தார்கள். மனைவி கட்டிலில் சாய்ந்து, தலையணையை முதுகுக்கு வைத்து, காலை நீட்டிப் புத்தகத்தைத் திறந்தார். யாரோ கதவைத் தட்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மனைவி அந்த டீயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், தான் போடாத டீயை முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி.

சர்வேயர் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்தார்.

“பத்து நிமிஷம். பத்தே நிமிஷத்துல எவன் வேணும்னாலும் இங்கேருந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம்.”

“உங்க வண்டியை எப்படி எடுப்பாங்க? அதுலதான் ரகசிய சுவிட்ச் இருக்கே.”

இருந்தது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், கட்டைவிரல் அளவில். சாவியைத் திருகி மூன்று எண்ணுவதற்குள் அதை அமுக்காவிட்டால் இன்ஜின் நின்றுவிடும். சர்வேயரே யோசித்து மாட்டியது. அமுக்குகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக அதே நேரத்தில் ஓர் இருமல் இருமுவார். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் அந்த சுவிட்ச் தெரியும் என்று நம்பினார். மனைவி வாரத்தில் இரண்டு நாள் அதே காரில் பள்ளிக்கூடம் போய்வருகிறார் என்பதை அவர் யோசித்ததில்லை.

“சுவிட்ச் என்னோட பாதுகாப்பு. நான் இவங்களோட பாதுகாப்பைப் பத்திப் பேசறேன். இது பார்க்கிங்கே இல்ல. திருடங்களுக்குத் திறந்து வெச்ச கண்காட்சி.”

“அந்த அண்ணன் நல்லாத்தான் பாத்துக்கறார்.”

“அந்தாளா? விசிலையே குழந்தைகிட்டக் குடுத்துட்டான்.”

“அப்ப எடுத்துக் காட்டுங்க” என்றார் மனைவி, பக்கத்தைத் திருப்பியபடி.

சர்வேயர் நின்றார். “என்ன?”

“பத்து நிமிஷம்னு சொன்னீங்கல்ல? நீங்களே திருடிக் காட்டுங்க. யாரும் உங்களை அடையாளம் கண்டுபிடிக்காம வண்டி வெளியே போயிடுச்சுன்னா ஏரிக்குப் போவோம். மாட்டிக்கிட்டீங்கன்னா அக்கா வீடு.”

இருபத்திரண்டு வருட அனுபவம் சர்வேயரின் முகத்தில் மலர்ந்தது. ஏரியும் காற்றும் சகலையில்லாத நான்கு நாளும் கண்ணுக்கு எதிரே வந்து நின்றன.

“பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன். ஆனா முடிச்சதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்துல நிறுத்தணும். எடுத்ததை எடுத்த இடத்துல வெக்கணும்ல?”

“அதுல என்ன இருக்கு?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒருவேளை யார் ஜெயிச்சதுன்னு சந்தேகம் வந்தா, குட்டி சொல்லட்டும். அவ சொல்றதுதான் முடிவு.”

சர்வேயர் உடனே ஒப்புக்கொண்டார். ஏரியில் விடும் பெடல் படகைப் பற்றி மகளிடம் ஒரு வாரமாகப் பேசி வைத்திருந்தார். நீதிபதி கையில் இருக்கும்போது வழக்குக்கு என்ன பயம்?

மணி நான்கரைக்கு அவர் தயாரானார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோடு போட்ட சட்டை போட்டார். மனைவியின் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். வாத்தை ஒரே இழுப்பில் பிரித்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

மனைவி ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டாவது டீயோடு உட்கார்ந்தார். மஞ்சள் சீட்டைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்து மூடினார்.

சர்வேயர் பின்பக்கப் படியில் இறங்கி, சுவரோடு ஒட்டி நடந்து, காருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் குனிந்து இருந்துவிட்டு, இடமும் வலமும் பார்த்தார். ஒரு திருடன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார். ஒருவரும் பார்க்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. உள்ளே ஏறினார். சாவியைத் திருகினார். இருமினார். இன்ஜின் ஓடியது.

காவலாளி எழுந்து ஓடி வந்தார். சர்வேயர் துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வாங்க வாங்க, இன்னும் வாங்க. ரைட்ல ஒடிங்க. பூந்தொட்டி பத்திரம். ஆங், அப்படியே விடுங்க.”

காவலாளி கையை ஆட்டி ஆட்டி, தானே வழி காட்டி, காரைப் பின்னால் எடுத்துக் கொடுத்தார். கயிற்றை அவிழ்த்தார். முன் கண்ணாடியில் இருந்த தூசியைத் தோள் துணியால் துடைத்தார். சலாம் வைத்தார்.

இதைத் தாங்கிக்கொள்ளத் தொழில் தெரிந்த எவராலும் முடியாது. சர்வேயர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு கேட்டார்:

“ஏம்ப்பா, நான் யாருன்னு கேக்க மாட்டியா?”

“எதுக்கு சார்?”

“நான் திருடனா இருந்தா?”

காவலாளியின் முகம் பிரகாசமானது. “இருந்தா ஒரு உதவி பண்ணுங்க சார். மூலையில மூணு நிக்குது. அதையும் எடுத்துட்டுப் போயிடுங்க. நானே தள்ளி விடறேன்.”

பிறகு அக்கறையோடு, “இருமல் பலமா இருக்கு. வெந்நீர் குடிங்க” என்று சொல்லிவிட்டு, நோட்டைத் திறந்து காரின் எண்ணைத் தேடி அதன்மேல் ஒரு கோடு போட்டார்.

மினி பஸ்ஸிலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. “போலாம் ரைட்” என்றாள் மகள்.

சர்வேயர் நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் போனார். அது அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த கிலோமீட்டர். தனியாகச் சிரித்தார். இடப்பக்கம் ஏரிக்கான அம்புக்குறி தெரிந்ததும் அதற்கு ஒரு சலாம் வைத்தார். ஒரு டயர் கடை வாசலில் வண்டியைத் திருப்பி, பத்தே நிமிடத்தில் ஹோட்டலுக்குத் திரும்பினார்.

கயிறு கட்டியிருந்தது. ஹாரன் அடித்தார். காவலாளி வந்தார். இந்த முறை ஓடி வரவில்லை. நிதானமாக நடந்து வந்து காரின் முன்னால் நின்றார்.

“சீட்டு?”

“என்ன சீட்டு? இப்பத்தானே போனேன்.”

“போனீங்க. கோடு போட்டாச்சு. உள்ள வரணும்னா சீட்டு வேணும்.”

“போகும்போது கேக்கலையே?”

“வெளிய போக எதுக்கு சார் சீட்டு? வெளிய போற வண்டியால எனக்கு என்ன தொல்லை? உள்ள வர்றதுதான் சார் ஆபத்து. யாரோட வண்டி?”

“என்னோடது.”

“எத்தனை நாள் நிறுத்தப் போறீங்க?”

“இங்கதான்ப்பா தங்கியிருக்கேன். ரூம் நம்பர் ஏழு.”

காவலாளியின் கண் சுருங்கியது. “ஏழுல இருக்கிற சாரை எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை. வந்ததுலேருந்து பூந்தொட்டியை உதைச்சுக்கிட்டிருந்தார். ஒரு மாதிரி. நீங்க அவர் இல்ல.”

சர்வேயர் துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார். அவிழ்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்தால் சகலை வீடு. கை தலையிலேயே நின்றது.

“தலைவலியா சார்?”

“இல்ல.”

“சரி. இன்ஜின் ஓடுதா?”

“கேட்டுக்கிட்டுத்தானே நிக்கறே.”

“அதெல்லாம் இல்ல. நிறுத்திட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். அந்த வேன்காரனும் ஓடிக்கிட்டுதான் வந்தான். நிறுத்தினதோட சரி.”

சர்வேயர் இன்ஜினை நிறுத்தினார். சாவியைத் திருகினார். கை சீட்டுக்கு அடியில் போனது. நின்றது. காவலாளி ஜன்னலுக்குள் தலையை நீட்டி, நேரே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரகசிய சுவிட்சை ஒருவர் பார்க்கும்போது அமுக்கினால் அப்புறம் அதில் ரகசியம் என்ன இருக்கிறது? அதுவும் பார்க்கிங் காவலாளியே பார்க்கும்போது? ‘பூட்டும்போது வேறு யாராவது பார்த்தார்களா?’ என்பதுதான் பதினான்கு கேள்வியில் ஒன்பதாவது. ஒன்று, இரண்டு, மூன்று. இன்ஜின் நின்றுவிட்டது.

“நெனச்சேன்” என்றார் காவலாளி.

“இல்லப்பா, ஓடும். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு.”

“ஏன்?”

“சும்மா திரும்பேன். ஒரே நிமிஷம்.”

“திரும்ப மாட்டேன். நான் இங்க காவலுக்கு இருக்கேன்.”

வந்ததிலிருந்து அந்த மனிதர் காவல் காக்க வேண்டும் என்று சர்வேயர் ஆசைப்பட்டார். இப்போது காத்தார். கண் இமைக்காமல் காத்தார். சர்வேயர் நான்கு முறை சாவியைத் திருகினார். நான்கு முறை இருமினார். இருமலுக்கெல்லாம் இன்ஜின் ஓடவில்லை. பாதி வண்டி சாலையில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

“மேனேஜர் சார்” என்று காவலாளி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “நாலாவது வண்டி வந்திருக்கு. ஓட மாட்டேங்குது. ஆளும் ஒரு தினுசா இருக்கார்.”

மேனேஜர் வந்தார். பென்சிலைக் காதில் செருகியிருந்தார். காரைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பெண்கள் போடுகிற கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.

“சார், இது தர்ம சத்திரம் இல்ல. தயவுசெஞ்சு வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க.”

சர்வேயர் வேறு வழியில்லாமல் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். “ஏம்மா, கொஞ்சம் சொல்லேன் இவங்ககிட்ட.”

மனைவி டீயை ஒரு வாய் குடித்தார். “என்ன சொல்லணும்?”

“நான் யாருன்னு சொல்லு.”

“சொன்னா மாட்டிக்கிட்டதா அர்த்தம். பரவாயில்லையா?”

சர்வேயர் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“மேடம், இவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று மேனேஜர் கேட்டார்.

“பாத்த மாதிரிதான் இருக்கு” என்றார் மனைவி. “நான் ஒரு கேள்வி கேட்டுப் பாக்கறேன். சார், உங்களைத்தான். இந்த இடம் பாதுகாப்பானதுதானான்னு நீங்களே சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டியை இங்க கொண்டுவந்தீங்களா?”

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் பதினொன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்கிற பதிலைச் சொன்னார்.

“சோதிச்சேன்” என்றார் சர்வேயர். “ரொம்பப் பாதுகாப்பா இருக்கு.”

“அப்ப சரி. வர்றேன்.”

மனைவி கீழே வந்தார். மகளும் மினி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். சாலையில் ஹாரன்கள் கூடிக்கொண்டிருந்தன. மகள் கார் கதவைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, சுவிட்சை மறந்துட்டீங்க. இதோ இருக்கு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். “இப்ப சாவியைத் திருப்புங்க. இருமக்கூட வேணாம்.”

இன்ஜின் ஓடியது. காவலாளி நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். சர்வேயர் எட்டிப் பார்த்தார். ‘சீட்டுக்கு அடியில் சுவிட்ச்’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

மனைவி புத்தகத்திலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினார். காவலாளி அதை வாங்கி, வரி வரியாக விரல் வைத்து உரக்கப் படித்தார்.

“வண்டி எண் சரி. இன்ஜின் ஓடுது, சரி. நாலு நாள், சரி. கூட்டிட்டுப் போங்க மேடம்.”

கயிறு இறங்கியது. கார் உள்ளே போய்ப் பழைய இடத்தில் நின்றது. சர்வேயர் இறங்கித் தலைத் துண்டை அவிழ்த்தார். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அட, ஏழாம் நம்பர் சார்” என்றார். “பூந்தொட்டியை விட்டுட்டு இப்ப இது ஆரம்பிச்சுட்டீங்களா?”

சர்வேயர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் காதில் வேறொன்று மாட்டிக்கொண்டிருந்தது.

“நாலு நாளா?”

“வந்தப்பவே எத்தனை நாள்னு கேட்டாரே. நீங்க பூந்தொட்டியைத் தள்ளிப் பாத்துக்கிட்டிருந்தீங்க” என்றார் மனைவி.

“காலையில கிளம்பறதாத்தானே பேச்சு?”

“காலையில யோசிப்போம்னுதான் சொன்னேன்.”

சர்வேயர் கோபத்தை அடக்கிக்கொண்டு சட்டம் பேசினார். “இங்க பாரு. வண்டி வெளிய போகும்போது யாராவது கண்டுபிடிச்சாங்களா? இல்ல. அப்ப நான் ஜெயிச்சேன். ஏரி.”

“எடுத்த இடத்துல நீங்களாவே கொண்டுவந்து வெச்சீங்களா? இல்ல. நான் வந்துதான் உள்ள விட்டாங்க. அப்ப நான் ஜெயிச்சேன்.”

“அதெப்படி?”

“அதான், சந்தேகம் வந்துடுச்சுல்ல?” என்றார் மனைவி. “குட்டி சொல்லட்டும்.”

சர்வேயர் யோசித்துப் பார்த்தார். ஒரு வாரப் பெடல் படகு இருக்கிறது. தைரியம் வந்தது. “சொல்லட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். உனக்கு அக்கா வீட்டுக்குப் போகணும்னு அவ்வளவு ஆசையா?”

“எனக்கா?” மனைவி காரின் மேல் சாய்ந்து நின்றார். “அக்கா வீட்டுக்குப் போனா நாலு நாளும் அக்காவோட சமையலறையில நிப்பேன். ஏரிக்குப் போனா நாலு நாளும் நமக்கே நமக்கான சமையலறையில நிப்பேன். இங்க சமையலறை எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் போறதில்ல.”

சர்வேயர் மகள் பக்கம் திரும்பினார். இப்போது அவருடைய நான்கு நாளும் அந்தச் சின்ன வாயில்தான் இருந்தது.

“குட்டி, ஏரி. பெடல் படகு. நீயே மிதிக்கலாம். காலையிலயும் மிதிக்கலாம், சாயங்காலமும் மிதிக்கலாம். நல்லா யோசிச்சு சொல்லு.”

“பெரியம்மா வீடும் இருக்கு” என்றார் மனைவி நியாயமாக. “பெரியப்பா புதுக் கார்ல கூட்டிட்டுப் போவார். உனக்கு எங்க இருக்கணுமோ அதைச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

மகள் கார் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அப்பா கையில் கசங்கிக் கிடந்த வாத்தைப் பார்த்தாள். பிறகு காவலாளியிடம் போனாள்.

“அண்ணே, இந்தத் துண்டைத் திரும்ப வாத்து ஆக்க முடியுமா?”

“தினமும் காலையில பண்ணுவாங்க பாப்பா. ஒருநாள் முயல்கூட வரும்.”

“நாளைக்கும் பஸ் இருக்குமா?”

“அது எங்க போகப் போகுது? நாலு வருஷமா அங்கதான் நிக்குது.”

“விசில்?”

“அதுவும் உன்கிட்டயே இருக்கட்டும். அப்பாதான் வண்டியைப் பாத்துக்கப் போறாரே.”

மகள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இங்கேயே இருக்கலாம் என்றாள்.